தளை தட்டினால் எங்கே பார்ப்பது? செய்யுளை அலகிடும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

ஒரு குறளை எடுத்து அலகிடத் தொடங்குகிறீர்கள்; அதாவது எழுத்துகளை அசைகளாகவும் அசைகளைச் சீர்களாகவும் பிரித்து எண்ணுகிறீர்கள். முதல் சீர் ஒழுங்காக வருகிறது, இரண்டாவதும் வருகிறது, மூன்றாவதற்குப் போகும்போது தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை, தட்டுகிறது. மறுபடி எண்ணினாலும் தட்டுகிறது. இந்த இடத்தில் பலர் 'எனக்கு யாப்பு வராது' என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் 'புலவர் இங்கே விதியை மீறியிருக்கிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு முடிவும் பெரும்பாலும் தவறு.

மாணவனாக இருந்தபோது "அன்பின் வழியது உயிர்நிலை" என்று தொடங்கும் 80ஆம் குறளோடு ஒரு மாலை முழுவதும் போராடியிருக்கிறேன். வள்ளுவரின் வெண்பாவில் தளை தட்டுகிறது என்பதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் தாளில் தட்டிக்கொண்டே இருந்தது. காரணம் குறளில் இல்லை. என் கையில் இருந்தது படிப்பவரின் வசதிக்காகச் சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பு. அதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எந்தச் செய்யுளை எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது சீர் பிரித்து அச்சிட்டதா, சொல் பிரித்து அச்சிட்டதா? பழைய ஏடுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. இன்று நாம் காணும் ஒவ்வோர் இடைவெளியும் யாரோ ஒரு பதிப்பாசிரியர் எடுத்த முடிவு. கீழே உள்ள சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்த இடைவெளிகளில்தான் பிறக்கின்றன.

அசை எண்ணிக்கையே ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

இது அடித்தளத்தில் உள்ள கோளாறு. இதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. குறில் தனித்தோ ஒற்றடுத்தோ, நெடில் தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேர். இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நிரை. விதி இவ்வளவுதான். தவறு நேர்வது பழக்கத்தில்.

முதல் தவறு, நெடிலோடு அடுத்து வரும் குறிலைச் சேர்த்துவிடுவது. 'ஆதி' என்பது ஆ/தி, நேர் நேர். நெடில் தனக்குப் பின்னால் வரும் ஒற்றெழுத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது தவறு, சீரின் நடுவில் தனிக்குறிலை நேராக்குவது. 'பகவன்' என்பதை ப/கவன் என்று பிரித்தால் தவறு. பக/வன் என்பதே சரி. ஒற்றடுக்காத குறில் ஒன்று தனியாக நேராக நிற்க வேண்டுமானால் அது சீரின் கடைசி எழுத்தாக இருக்க வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு நீங்கள் பிரித்ததைத் திருப்பிப் பாருங்கள்; பாதிப் பிழைகள் தாமே கண்ணில் படும். மூன்றாவது, 'வாழ்க்கை' போன்ற சொற்களில் அடுத்தடுத்து வரும் இரண்டு ஒற்றுகளைக் கண்டு மிரள்வது. இரண்டும் முன்னால் உள்ள நெடிலோடு போகும்: வாழ்க்/கை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலில் நேர், நிரை என்று இரண்டு அசைதான் இருக்கும். வேறொன்றில் நேர்பு, நிரைபு என்று மேலும் இரண்டு இருக்கும். பின்னது தொல்காப்பியத்தின் முறை. முன்னது யாப்பருங்கலக்காரிகை வழியாக நமக்குப் பழகிய முறை. இரண்டும் தனித்தனியே முறையானவை. ஒரே செய்யுளில் இரண்டையும் கலந்து பார்த்தால் எதுவும் பொருந்தாது.

வாய்பாடுகள், அதாவது சீர்களுக்கு இட்ட பெயர்கள், தெரிந்தவையே: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். இவற்றின் பின் ஒரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர், ஒரு நிரை சேர்ந்தால் கனிச்சீர்.

சீரின் நடுவே ஓர் அசை காணாமல் போகிறது. அல்லது அடியில் ஐந்து சீர் வருகிறது

இரண்டையும் ஒரே குறளில் காட்டலாம். இரண்டாம் குறளைச் சில பதிப்புகளில் இப்படிக் காணலாம்:

கற்றதனால் ஆய பயன் என்கொல் வால் அறிவன்
நல் தாள் தொழார் எனின்

இடைவெளியை நம்பி எண்ணினால் முதல் அடியில் ஆறு சீர், இரண்டாம் அடியில் நான்கு. குறள் வெண்பாவுக்கு நான்கும் மூன்றும் வர வேண்டும். 'தொழார்' என்பது ஒரே நிரையசை. வெண்பாவின் இடையில் ஓரசைச்சீர் நிற்காது. கேடு இன்னொன்றும் உண்டு: முதல் அடி 'கற்ற' என்று தொடங்க, இரண்டாம் அடி 'நல்' என்று தொடங்குகிறது. எதுகையையே, அதாவது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதையே, காணோம்.

இப்போது சேர்த்து எழுதுங்கள்:

கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன்
நற்றாள் தொழாஅர் எனின்

கற்/றத/னால் கூவிளங்காய். ஆ/ய தேமா. பய/னென்/கொல் புளிமாங்காய். வா/லறி/வன் கூவிளங்காய். நற்/றாள் தேமா. தொழா/அர் புளிமா. எனின் மலர் (வெண்பாவின் ஈற்றில் தனித்து நிற்கும் நிரையசைக்கு இந்தப் பெயர்). நான்கும் மூன்றுமாகச் சீர்கள் நின்றுவிட்டன. 'கற்ற' என்பதும் 'நற்றா' என்பதும் றகர எதுகையாக நேர்க்கு நேர் வந்துவிட்டன. நல் + தாள் என்று பிரித்தவர் பொருளை எளிதாக்க நினைத்தார். அந்த ஓர் இடைவெளியில் எதுகை உடைந்தது.

தொழாஅர் என்பதில் உள்ள அகரம் அலங்காரத்துக்காக வந்ததன்று. ஓசை குறையும் இடத்தில் நெடில் தன் அளவைக் கடந்து நீள்வதைக் காட்ட அதன் இனக்குறிலை எழுதுகிறோம். அது தனி அசையாகி இடத்தை நிரப்புகிறது. இதற்கு அளபெடை என்று பெயர். அச்சில் அந்த எழுத்தைப் பிழையென்று எண்ணி நீக்கிவிடுகிறார்கள். தட்டச்சு செய்து பரப்பப்படும் பாடல்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சீரின் நடுவே ஓர் அசை குறைந்தால் முதலில் அந்தச் சீரில் நெடில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல பழைய பதிப்பு ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

கணினியில் சீர் பிரித்துக் காட்டும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. நல்ல உதவிதான். ஆனால் அவை நீங்கள் கொடுக்கும் இடைவெளியையே சீரின் எல்லையாகக் கொள்கின்றன. மேலே உள்ள முதல் வடிவத்தைக் கொடுத்தால் பிழை என்றுதான் காட்டும். அதைத் திருக்குறளின் பிழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் தளை தட்டுகிறது

வெண்பாவில் மூன்று சேர்க்கைகளே செல்லும்: மாவின் முன் நிரை, விளத்தின் முன் நேர், காயின் முன் நேர் (இங்கே 'முன்' என்றால் அடுத்து). வேறு எது வந்தாலும் தட்டும். என்னைத் திணறடித்த அந்தக் குறள் இது:

அன்பின் வழியது உயிர்நிலை அஃதிலார்க்கு
என்புதோல் போர்த்த உடம்பு

அன்/பின் தேமா; அடுத்து வழி என்று நிரை, சரி. வழி/யது கருவிளம், அடுத்து உயிர் என்று நிரை. விளத்தின் முன் நிரை வந்தால் அது ஆசிரியத்தளை. இங்கேதான் தட்டியது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'வழியது உயிர்நிலை' என்று இரண்டு உகரத்தையும் தனித்தனியே நாம் சொல்வதில்லை. முதல் உகரம் குற்றியலுகரம், குறுகி ஒலிக்கும் உகரம். உயிர் வந்ததும் அது ஓடிவிடுகிறது, நின்ற தகரத்தின் மேல் வந்த உயிர் ஏறிக்கொள்கிறது. ஆகவே 'வழிய துயிர்நிலை'. இப்போது வழி/ய புளிமா, அடுத்து துயிர் என்று நிரை. துயிர்/நிலை கருவிளம், அடுத்து அஃ என்று நேர். முடிந்தது. கடைசிச் சீரான உடம்பு என்பதை உடம்/பு என்று பிரித்துப் புளிமா என்று எழுதிவிடாதீர்கள். வெண்பாவின் ஈற்றில் குற்றியலுகரத்தோடு முடியும் ஈரசைக்குக் காசு, பிறப்பு என்ற வாய்பாடு உண்டு. இது பிறப்பு.

ஆக, சிகிச்சை ஒன்றே: தட்டும் இடத்தில் முன் சொல் உகரத்தில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் புணர்த்திப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. 66ஆம் குறளைச் சேர்த்து அச்சிட்ட பதிப்பில் 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்' என்று இருக்கும். குழ/லினி கருவிளம், தியா/ழினி என்று பிரித்தால் அதுவும் கருவிளம், விளத்தின் முன் நிரை, தட்டுகிறது. சந்தி பிரித்த பதிப்பிலோ 'குழலினிது யாழினிது என்பதம்' என்று சுகமாக ஓடுகிறது: கருவிளங்காய், கூவிளங்காய், கூவிளம். பிரித்தால் சரியாகிறது, சேர்த்தால் தட்டுகிறது!

இங்கே வேலை செய்வது குற்றியலிகரம். இனிது என்பதன் உகரம் யகரத்தின் முன் இகரமாகத் திரிந்து, குறுகியே ஒலிக்கிறது. சீரும் தளையும் சிதையும் இடத்தில் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் அளபெடையும் அலகு பெறா என்பது காரிகையில் அமிதசாகரர் சொல்லும் விதி. 'தி' என்ற எழுத்தைக் கணக்கில் விட்டுவிட்டால் யா/ழினி கூவிளம், நேரில் தொடங்குகிறது, தளை பொருந்துகிறது. இந்த விதியைச் சலுகை என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. அரை மாத்திரையே ஒலிக்கும் எழுத்தைச் செவி எப்படி வாங்குகிறதோ அப்படியே கணக்கிலும் வாங்குகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். தளை தட்டும் இடத்திலெல்லாம் ஏதாவது ஓர் எழுத்தை விட்டுவிடலாம் என்று பழகிவிடாதீர்கள். விடத்தக்கவை இந்தச் சிலவே.

வெண்பாவில் கனிச்சீர் வந்து நிற்கிறது

கனிச்சீர் வெண்பாவில் வராது. வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஐகாரம். சொல்லின் முதலில் வரும் ஐகாரத்தை நெடிலாகக் கொள்கிறோம். இடையிலும் கடையிலும் அது குறுகி ஒலிப்பதால் குறிலாகக் கொண்டு அலகிடுவது வழக்கம். 'தனிமையினை' என்ற சீரில் மையை நெடிலாக்கினால் தனி/மை/யினை, புளிமாங்கனி. குறிலாக்கினால் தனி/மையி/னை, கருவிளங்காய். கனி மறைந்துவிட்டது.

இரண்டாவது, சொல்லின் எல்லையைச் சீரின் எல்லையாக எண்ணிவிடுவது. கம்பராமாயணத்தின் முதல் பாடல் வெண்பா அன்று, நான்கு அடியும் அளவொத்து வரும் விருத்தம்; ஆனாலும் அதை இரண்டு வகையிலும் எழுதிப் பார்த்தால் இது நன்கு விளங்கும். சொல்லாகப் பிரித்தால் இரண்டாம் அடி 'நிலைபெறுத்தலும் நீக்கலும் நீங்கலா'. மூன்றே சீர், முதலாவது நிலை/பெறுத்/தலும், கருவிளங்கனி. ஏதோ சரியில்லை என்று உடனே தெரிகிறது. சீராகப் பிரித்தால்:

உலகம் யாவையும் தாமுள வாக்கலும்
நிலைபெ றுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகி லாவிளை யாட்டுடை யாரவர்
தலைவர் அன்னவர்க் கேசரண் நாங்களே

ஒவ்வோர் அடியையும் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். உல/கம், யா/வையும், தா/முள, வாக்/கலும். நிலை/பெ, றுத்/தலும், நீக்/கலும், நீங்/கலா. அல/கி, லா/விளை, யாட்/டுடை, யா/ரவர். தலை/வர், அன்/னவர்க், கே/சரண், நாங்/களே. நான்கு அடியிலும் முதல் சீர் புளிமா, மற்ற மூன்றும் கூவிளம். பதினாறு சீரில் ஒன்றுகூடப் பிசகவில்லை. முதல் முறை இதைத் தாளில் பிரித்து முடித்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

இந்த ஒரே பாடல் ஐகார வழக்கையும் தீர்த்துவைக்கிறது. யாவையும் என்பதில் வையை நெடிலாகக் கொண்டால் யா/வை/யும், தேமாங்காய். மற்ற மூன்று அடிகளிலும் அதே இடத்தில் கூவிளம் நிற்கும்போது இங்கே மட்டும் காய் வர வழியில்லை. கம்பர் வையைக் குறிலாகவே கேட்டிருக்கிறார். விருத்தத்தை அலகிடும்போது ஐயம் வந்தால் மற்ற மூன்று அடிகளையே சாட்சிக்கு அழையுங்கள். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை.

நிலைபெ/றுத்தலும் என்று ஒரு சொல் நடுவே அறுபடுவதற்கு வகையுளி என்று பெயர். 'கேளாதவர்' என்பது குறளில் 'கேளா தவர்' என்று நிற்பதும் இதுவே. சொல்லை வெட்டிவிட்டார்களே என்று பதற வேண்டாம். பொருளுக்காகப் படிக்கும்போது சேர்த்துப் படியுங்கள், ஓசைக்காகப் படிக்கும்போது பிரித்துப் படியுங்கள்.

அடி எது என்றே தெரியவில்லை

அச்சில் ஒரு வரி என்பது யாப்பில் ஓர் அடியாக இருக்க வேண்டியதில்லை. ஆறு சீரும் எட்டுச் சீரும் கொண்ட விருத்தங்களின் அடி தாளின் அகலத்துக்குள் அடங்காது. மடித்து இரண்டு வரியாக அச்சிடுவார்கள். அப்போது பாடல் எட்டு வரியாகத் தோன்றும். கண்டுபிடிக்கும் வழி எளிது: எதுகை ஒன்றுவிட்டு ஒரு வரியில், அதாவது 1, 3, 5, 7 ஆகிய வரிகளின் தொடக்கத்தில் வந்தால் இரண்டு வரி சேர்ந்து ஓர் அடி. நான்கு அடி, அளவொத்த சீர்கள், ஒரே எதுகை என்றால் ஆசிரிய விருத்தம்.

நேரிசை வெண்பாவில் வேறு விதமான தடுமாற்றம். இரண்டாம் வரியில் மூன்று சீருக்குப் பிறகு ஒரு கோடு, அதன் பின் ஒற்றைச் சொல்:

பாலும் தெளிதேனும் பாகும் பருப்புமிவை
நாலும் கலந்துனக்கு நான்தருவேன் - கோலஞ்செய்
துங்கக் கரிமுகத்துத் தூமணியே நீயெனக்குச்
சங்கத் தமிழ்மூன்றும் தா

'கோலஞ்செய்' என்பது பொருளால் அடுத்த அடியோடு சேர்கிறது; அதனால் சிலர் அதை மூன்றாம் அடியில் வைத்து எண்ணி, இரண்டாம் அடியில் ஒரு சீர் குறைகிறது என்கிறார்கள். அது இரண்டாம் அடியின் நான்காம் சீர். அதற்குத் தனிச்சொல் என்று பெயர். பாலும், நாலும், கோலம் என்று முதல் இரண்டு அடியின் எதுகையையே அது ஏந்தி வருவதைக் கவனியுங்கள். பின் இரண்டு அடிக்கு எதுகை மாறிவிடுகிறது: துங்க, சங்க. கோட்டை எடுத்துவிட்டு அச்சிட்டாலும் இந்த எதுகைக் கணக்கு தனிச்சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு அடியில் அகவற்பா (ஆசிரியப்பா) ஒன்றைப் பார்த்து வெண்பாவோ என்று மயங்கினால் கடைசி அடியைப் பாருங்கள். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரில், நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றில் ஒன்றோடு முடியும். ஆசிரியப்பாவின் ஈற்றடியில் நான்கு சீர். பெரும்பாலும் ஏகாரத்தில் முடியும். இடையில் வெண்டளை கலந்திருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், ஆசிரியப்பாவில் அது கலக்கலாம். கடைசிக்கு முந்தைய அடியில் ஒரு சீர் குறைந்து மூன்றாக இருந்தால் ஏடு சிதைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். எல்லா அடியும் நான்கு சீராக இருந்தால் நிலைமண்டில ஆசிரியப்பா.

எதுகை இருப்பதுபோல் காதில் விழுகிறது, ஆனால் பொருந்தவில்லை

முதலில் இடத்தைச் சரிபாருங்கள். அடியின் கடைசியில் ஒத்து வருவதை எதுகை என்று எழுதுகிறவர்கள் மிகப் பலர். அது இயைபு. எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்பது. முதல் எழுத்தில் நிற்பது மோனை.

இடம் சரியாக இருந்தும் எதுகை பொருந்தவில்லை என்றால் முதல் எழுத்தின் அளவைப் பாருங்கள். 'பட்டு', 'பாட்டு' இரண்டிலும் இரண்டாம் எழுத்து ட் தான். ஆனால் ஒன்றில் முதல் எழுத்து குறில், மற்றதில் நெடில். இவை எதுகை ஆகா. 'பாட்டு', 'கேட்டு' ஆகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு: இரண்டாம் எழுத்து ஒன்றாத இடத்திலும் காது எதுகை என்கிறது. சீவக சிந்தாமணியில் ஒரு பாடலின் அடிகள் காய்மாண்ட, பூமாண்ட, தேமாங், ஏமாங் என்று தொடங்குகின்றன. முதல் அடியில் மட்டும் இடையே ஒரு யகர ஒற்று புகுந்துவிட்டது. ய், ர், ல், ழ் ஆகிய ஒற்றுகள் இப்படி நடுவில் புகுந்தாலும் எதுகை கெடாது. ஆசிடையெதுகை என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மெய் ஒன்றாக இருந்து உயிர் மாறினால் வருக்க எதுகை. கம்பரின் உலகம், நிலைபெ, அலகி, தலைவர் என்பதில் லகரமும் லையும் மாறி மாறி வருவது அதுதான். காது முதலில் சொல்லட்டும், இலக்கணம் பிறகு பெயர் வைக்கட்டும்.

மோனையில் வரும் ஐயம் வேறு: எழுத்தே வேறாக இருக்கிறதே என்பது. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச-த, ஞ-ந, ம-வ இணைகள். மெய்யும் பொருந்த வேண்டும், மேல் ஏறிய உயிரும் தன் இனத்தில் இருக்க வேண்டும். மலரும் வண்டும் மோனை. மலரும் வீடும் ஆகா.

மோனை எந்தச் சீர்களில் நிற்கிறது என்று பெயரிடுவதற்கு முன் சீர் பிரித்ததை மீண்டும் சரிபாருங்கள். கம்பரின் இரண்டாம் அடியைச் சீராகப் பிரித்தால் நி, நீ, நீ என்று 1, 3, 4 ஆகிய சீர்களில் மோனை, அது மேற்கதுவாய். சொல்லாகப் பிரித்திருந்தால் மூன்று சீரிலும் மோனை என்று தோன்றி முற்றுமோனை என்று எழுதியிருப்பீர்கள். அசையில் விட்ட பிழை எதுகை, மோனை போன்ற தொடையில் வந்து நிற்கிறது.

எழுத்து ஒன்று கூடுகிறது

இது கட்டளைக் கலித்துறைக்கே உரிய சிக்கல். அடிக்கு ஐந்து சீர். ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணினால் நேரில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. அபிராமி அந்தாதியின் முதல் அடி 'உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்'. நிரைத் தொடக்கம். நான்கு, மூன்று, இரண்டு, மூன்று, ஐந்து, கூட்டினால் 17. கடைசிச் சீரை 'உணர்வு உடையோர்' என்று பிரித்து எண்ணியவருக்கு 18 வரும். மறுபடியும் அதே இடைவெளிதான்.

இங்கே வெண்டளை அடிக்குள் பார்த்தால் போதும். ஓர் அடி காயில் முடிந்து அடுத்த அடி 'மதிக்கின்ற' என்று நிரையில் தொடங்குவதைக் கண்டு தளை தட்டுகிறது என்று குறித்துவிடாதீர்கள்.

எந்தப் பாவிலும் அடங்கவில்லை

ஓசை துள்ளுகிறது, ஆனால் அசைக்கணக்கு ஓரிடத்திலும் நிலைக்கவில்லை என்றால் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். சிந்து, கும்மி, கண்ணி போன்றவை தாளத்துக்குக் கட்டியவை. ஓர் எழுத்து இரண்டு எழுத்தின் இடத்தை நீண்டு நிரப்பும். சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் தாளம் மட்டும் விழும். அங்கே தேமாவும் புளிமாவும் எழுதிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

தாளமும் விழவில்லை என்றால் புதுக்கவிதையாக இருக்கலாம். வரியை எங்கே முறிக்கிறார், எந்தச் சொல் திரும்ப வருகிறது, எந்த வரி மட்டும் திடீரென்று நீள்கிறது என்று பாருங்கள். அதுவும் கட்டமைப்புதான்.

எல்லாம் பிரித்தாயிற்று, எழுத ஒன்றுமில்லை

மாணவர்களிடம் அதிகம் காண்கிற சிக்கல் இது. வாய்பாடும் தளையும் பட்டியலாகத் தாளில் நிற்கின்றன. கவிதை எங்கோ வெளியே நிற்கிறது. அப்போது நான் செய்யச் சொல்வது, ஒழுங்கு மாறும் இடத்தைத் தேடுவது. குறுந்தொகையின் 40ஆம் பாடல்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

ஐந்தடி நேரிசை ஆசிரியப்பா. நான்காம் அடி மூன்று சீர். தேர்வுக்கு இது போதும். ஆனால் முதல் மூன்று அடிகளில் முதல் இரண்டு சீர்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். ஒவ்வோர் அடியிலும் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துச் சீரில், எதுகையாலோ உம்மையாலோ தொட்டுக்கொண்டு, ஆனால் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒவ்வோர் அடியும் அவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்கிறது. நான்காம் அடியில் அந்த இணை இல்லை. செம்மண்ணும் மழைநீரும் இரண்டு உம்மையோடு வரவில்லை; 'செம்புலப் பெயனீர்' என்று தொகையாகிக் கலந்தே வருகின்றன. அந்த அடியில்தான் ஒரு சீர் குறைகிறது. மூன்று அடி நடந்து பழகிய காது நான்காம் சீரை எதிர்பார்க்கிறது. அங்கே ஒரு சிறு மௌனம் விழுகிறது. அதன் பிறகு வரும் அடியில் யானும் இல்லை, நீயும் இல்லை, நெஞ்சம் என்ற ஒரே சொல் இருவருக்கும் நிற்கிறது.